வளர்த்துக் கெடுக்கும் பூசணம்

அரியானாவில் கர்னால் பக்கம் ஒரு பாசுமதி வயல். நெடுநெடுவென்று நின்ற சில நாற்றுகளைக் காட்டி, "பலே, நல்லா வளர்ந்திருக்கே!" என்றேன். வயல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஜண்டா ரோக், சாப்!" கொடிபோல் உயர்ந்து, வெளிறி, மணி பிடிக்காமலே போகும் நோய் அது.

காரணம் ஃபியூசேரியம் என்னும் பூசணம். அது சுரக்கும் பொருளே பயிரை நீட்டுகிறது என்று 1926-இல் ஜப்பானியர் குரோசாவா காட்டினார். 1935-இல் யபுதா அதற்கு ஜிப்பரெல்லின் என்று பெயரிட்டார். பயிரே தன் வளர்ச்சிக்கு அளவாகச் சுரந்துகொள்ளும் ஹார்மோன்தான் இதுவும்.

பயிருக்குக் காவல் ஹார்மோன்களும் உண்டு. உயிருள்ள செல்லை உறிஞ்சி வாழும் துருநோய் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம். செல்லைக் கொன்று தின்னும் பூசணங்களுக்கு ஜாஸ்மோனிக் அமிலம். பின்னதன் நெருங்கிய உறவுப்பொருள் 1962-இல் நம்ம ஜாதிமல்லி எண்ணெயிலிருந்து பிரிக்கப்பட்டது. பல செடிகளில் ஒன்று ஓங்கினால் மற்றது தணியும். ஆகவே, நோய் எதுவென்று தெரியாமல் ஊக்கி தெளித்தால் ஒரு வாசலை அடைத்து மறு வாசலைத் திறந்த கதைதான்.

டெல்லா என்ற புரதம் வளர்ச்சிக்குக் கடிவாளம். ஜாஸ்மோனிக் காவலுக்குத் துணை. ஜிப்பரெல்லின் மிகுந்தால் டெல்லா சிதையும். பயிர் நெடுக வளரும், காவல் தளரும்.

விதை வழியாகவும் பரவும் நோய் என்பதால், நான் பாராட்டிய அந்த நாற்றுகளை அவரோடு சேர்ந்து நானே பிடுங்கினேன்.