டெட்லிஃப்ட் பயிற்சி: எவ்வளவு தாழ்விலிருந்து எடையைத் தூக்கலாம்?

இடுப்பை மடக்கிக் குனிந்து, கீழேயுள்ள எடையைப் பற்றி, நிமிர்ந்து நிற்கும் வரை உயர்த்தும் பயிற்சி ‘டெட்லிஃப்ட்’ எனப்படுகிறது. தண்ணீர்க் குடத்தையோ அரிசி மூட்டையையோ தூக்கும் அதே அசைவுதான் இது. முதுகுவலியிலிருந்து மீண்டு வருவோருக்கு இயன்முறை மருத்துவர்கள் இதனைப் பரிந்துரைப்பது உண்டு. எத்தனை கிலோ தூக்கலாம் என்பதற்கு முன், எவ்வளவு தாழ்விலிருந்து தூக்கலாம் என்று கேட்பதே முறை.

தரை மட்டம் அனைவருக்கும் பொருந்துமா?

பளுதூக்கும் போட்டிகளில் பயன்படும் பெரிய தட்டுகளின் விட்டம் 45 செ.மீ. ஆகவே அவற்றைப் பொருத்திய கம்பி தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். இந்த உயரம் தட்டின் அளவால் அமைந்ததே அன்றி, உங்கள் உடலை அளந்து வகுக்கப்பட்டதன்று. கால்கள் நீண்டவரும், தொடையின் பின்புறத் தசைகள் இறுகியவரும் அந்தக் கம்பியை எட்டுவதற்குப் பெரிதும் சிரமப்படுவர். மேலும், புதிதாகத் தொடங்குவோருக்குத் தரப்படும் எடை குறைந்த தட்டுகள் பெரும்பாலும் விட்டத்திலும் சிறியவை. கம்பி இன்னும் தாழ்ந்துவிடும். இதனால் வலியிலிருந்து மீள்பவர், தேர்ந்த வீரரைவிடத் தாழக் குனிய நேரிடுகிறது. பயிற்சிக் கூடங்களில் இது எளிதில் கவனத்துக்கு வருவதில்லை.

இடுப்பு மூட்டு மடங்கும் எல்லை முடிந்த பின்னும் கீழே செல்ல முயன்றால், எஞ்சிய தொலைவைக் கீழ்முதுகு வளைந்து ஈடுசெய்யும். முதுகு வளைவதே தீங்கன்று. காலணி அணியும்போதும் அது வளையத்தான் செய்கிறது. அண்மையில் வலி கண்ட முதுகு, எடையைத் தாங்கியவாறு மீண்டும் மீண்டும் வளைவதே தவிர்க்கத்தக்கது.

உங்கள் உயரத்தை அறியும் முறை

இதற்கு ஒரு நீண்ட கம்பும், உடனிருக்க ஒருவரும் போதும். உடனிருப்பவர் கம்பை உங்கள் முதுகின் நடுவே நெடுக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்தலை, மேல்முதுகு, பிட்டத்துக்குச் சற்று மேலுள்ள எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் கம்பு பட வேண்டும். முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, பின்னாலுள்ள கதவை இடுப்பால் சாத்துவதுபோல் மெல்லக் குனியவும். மூன்றில் ஓரிடம் விலகினாலோ, கீழ்முதுகுக்கும் கம்புக்கும் உள்ள இடைவெளி மறைந்தாலோ நிறுத்தி, சிறிதளவு மேலே வரவும். அந்நிலையில் தொங்கும் உங்கள் உள்ளங்கைகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளனவோ, அதுவே உங்கள் தொடக்க உயரம். சிலருக்கு அது முழங்கால் மட்டத்திலேயே அமையலாம்.

எடையை உறுதியான பலகைகளின் மேல் வைத்து, அந்த உயரத்திலிருந்து பயிற்சியைத் தொடங்கவும். பயிற்சியின்போதும் மறுநாளும் வலி கூடாமல் ஓரிரு வாரங்கள் கடந்தால், ஒரு பலகையைக் குறைக்கலாம். உயரத்தைக் குறைக்கும் வாரத்தில் எடையைக் கூட்ட வேண்டாம். உயரத்திலிருந்து தூக்கும்போது அதிக எடையும் எளிதாகத் தோன்றும். இங்கேதான் பலர் தவறுகின்றனர்.

இதனை ‘அரைப் பயிற்சி’ என்று சிலர் குறை கூறுவர். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நிரம்பிய வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் வாயு மட்டும் 14.2 கிலோ, உருளையோடு சேர்த்து ஏறத்தாழ 30 கிலோ. அதன் பிடி வளையமோ பெரும்பாலோருக்கு முழங்காலுக்கு மேலேயே உள்ளது. வீட்டின் மிகக் கனமான சுமைகளுள் ஒன்றுக்கே தரைவரை குனியத் தேவையில்லை.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

நோயாளியின் பக்கவாட்டில் நின்று கீழ்முதுகைக் கவனியுங்கள். முன்னால் நின்றால் வளைவு தெரியாது. முதல் சில முறை சரியாகத் தூக்கியவர், களைத்த பின் முதுகை வளைக்கத் தொடங்கலாம். அப்போது பயிற்சியை நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சை அடக்கித் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும் என்பதால், எழும்போது மூச்சை வெளிவிடுமாறு நினைவூட்டுங்கள்.

மருத்துவரின் ஒப்புதல் தேவைப்படுவோர்

எலும்புப்புரை நோய், குடலிறக்கம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் முதுகு, வயிறு அல்லது இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரின் ஒப்புதலின்றி இப்பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

தசைவலி சில நாட்களில் தணிந்துவிடும். முழங்காலுக்குக் கீழே பரவும் வலியோ, காலில் மரமரப்போ தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுகவும். கால் வலுவிழத்தல், தொடைகளின் உட்புறத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் உணர்விழப்பு, சிறுநீர் அல்லது மலத்தை அடக்க இயலாமை, சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவற்றுள் எதுவேனும் ஏற்பட்டால், காலம் தாழ்த்தாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவும்.