எந்த விசைக்கு எந்த வேலை?

நீண்ட கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். கணினித் திரையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் குறிப்புகளையும் வலப்பக்கம் கட்டுரையையும் திறந்து வைத்திருக்கிறீர்கள். குறிப்பைப் பார்த்துவிட்டுக் கட்டுரைக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் கை விசைப்பலகையை விட்டுவிட்டுச் சுட்டியைத் தேடிப் போகிறது. ஓரிரு முறை என்றால் பரவாயில்லை. நாள் முழுவதும் நிரல் எழுதுபவருக்கு இது பெருந்தொல்லை. அதனால், நிரலாளர்கள் பயன்படுத்தும் உரைத்தொகுப்பிகளில், திரையின் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குக் குறுக்குவிசைகள் உள்ளன. திரையின் இத்தகைய பிரிவையே இங்குச் சாளரம் என்கிறோம்.

எந்த விசையை அழுத்தினால் எந்தச் சாளரத்துக்குப் போக வேண்டும் என்பதை மென்பொருளை உருவாக்குபவர்கள் முன்கூட்டியே முடிவு செய்து தருகிறார்கள். பயனர் எதையும் மாற்றாதவரை நடப்பில் இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு முன்னமைவு என்று பெயர். ‘பிடிக்காதவர்கள் மாற்றிக்கொள்ளட்டுமே’ என்று சொல்வது எளிது. ஆனால், மாற்ற முடியும் என்பதே புதிய பயனருக்குத் தெரியாது. அது தெரியவரும்போது அவருடைய விரல்கள் பழைய விசைகளுக்குப் பழகியிருக்கும். ஆகவே, முன்னமைவைத் தேர்ந்தெடுப்பவர் பிறருடைய கைப்பழக்கத்தையே தேர்ந்தெடுக்கிறார்.

ஒரு தேர்வு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு ‘வி-ஐ’ என்ற உரைத்தொகுப்பி நல்ல சான்று. 1976ஆம் ஆண்டில் பில் ஜாய் என்பவர் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இதை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய கணினி முனையத்தின் பெயர் ஏடிஎம்-3ஏ. அதன் விசைப்பலகையில் தனியான அம்புக்குறி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் என்னும் நான்கு எழுத்து விசைகளின் மீதே இடம், கீழ், மேல், வலம் என அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. அந்த எழுத்துகளையே பில் ஜாய் தம் மென்பொருளில் திசை விசைகளாக வைத்துக்கொண்டார். அந்த முனையத்தை இன்று அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும். ஆனால், வி-ஐயின் வழியில் வந்த ‘விம்’ மென்பொருளைப் பயன்படுத்துவோர் இன்றும் கீழே செல்ல ஜே விசையைத்தான் தட்டுகிறார்கள்.

1991இல் வெளியான விம், காலப்போக்கில் திரையைப் பல சாளரங்களாகப் பிரிக்கும் வசதியையும் பெற்றது. சாளரம் விட்டுச் சாளரம் தாவுவதற்கும் அதே நான்கு எழுத்துகளைப் பயன்படுத்துவது பொருத்தம்தான். ஆனால், வெறும் எழுத்துகள் ஏற்கெனவே வரிகளுக்கிடையே நகர்வதற்குப் பயன்பட்டன. அப்படியானால், கண்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்தச் சொல்லலாமே என்று தோன்றும். அங்கும் இடம் காலியாக இல்லை. பழைய முனையங்களில் கண்ட்ரோலோடு எழுத்தை அழுத்தினால், ஆங்கில நெடுங்கணக்கில் அந்த எழுத்தின் வரிசை எண் கணினிக்குச் செல்லும். எச் எட்டாம் எழுத்து. பின்னோக்கி ஓரிடம் நகர்வதற்கான குறியீட்டு எண்ணும் 8. ஜே பத்தாம் எழுத்து. அடுத்த வரிக்குச் செல்வதற்கான எண்ணும் 10. முன்பே உரிமையாளர் இருந்த விசைகள் இவை.

எனவே, விம் இரண்டு படிகளைக் கொண்ட வழியைப் பின்பற்றியது. முதலில் கண்ட்ரோல், டபிள்யூ விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். பிறகு திசையைக் குறிக்கும் எழுத்தைத் தட்ட வேண்டும். ‘விண்டோ’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து டபிள்யூ என்பதால் நினைவில் வைப்பதும் எளிது. அந்த நாளில் இது நல்ல முடிவுதான். ஆனால், பின்னர் வந்த இணைய உலாவிகளில் அதே இரு விசைகளும் திறந்திருக்கும் பக்கத்தை மூடுவதற்கான கட்டளை ஆயின. விம்மில் பழகிய ஒருவர் உலாவியில் இயங்கும் உரைத்தொகுப்பியில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சாளரத்துக்குப் போக எண்ணி விரல்கள் தாமாகவே அந்த இரண்டையும் அழுத்துகின்றன. பக்கமே மூடிக்கொள்கிறது! சேமிக்காத எழுத்துகள் அதனோடு போய்விடலாம். தவறு விரல்களுடையது அன்று. இரு மென்பொருள்கள் ஒரே விசைக்கு இருவேறு பொருள் கொடுத்துவிட்டன.

‘ஈமேக்ஸ்’ என்ற மற்றொரு பழைய உரைத்தொகுப்பி இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகியது. கண்ட்ரோலோடு எக்ஸ், பின்னர் ஓ என்று தட்டினால் அது அடுத்த சாளரத்துக்குப் போகும். இரண்டு சாளரங்கள் இருந்தால் இது வசதியே. நான்கு இருந்தால் வேண்டியதை அடையச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஷிப்ட் விசையோடு அம்புக்குறியை அழுத்தி, நினைத்த திசைக்கு நேரே தாவும் வசதியும் ஈமேக்ஸில் உள்ளது. ஆனால், அது முன்னமைவாக இயக்கப்படவில்லை. வேண்டுபவர் தாமே இயக்கிக்கொள்ள வேண்டும். ஷிப்டும் அம்புக்குறியும் சேர்ந்தால் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது நாம் எல்லா மென்பொருள்களிலும் பழகிய வழக்கம். அதைப் பறித்தால் புதியவர்கள் திகைப்பார்கள். திசையறிந்து தாவுவது சிறந்த வசதி என்றாலும், அதைப் பின்வரிசையில் உட்கார வைத்தது சரியென்றே எனக்குப் படுகிறது.

இதுவரை பார்த்தவை அனைத்தும் ஆங்கில விசைப்பலகையை மனத்தில் கொண்டவை. தமிழ்99 விசைப்பலகையில் எழுதும் நாம் விம்மைத் திறந்தால் என்ன ஆகும்? எச் விசை ‘க’வைத் தரும்; ஜே ‘ப’வையும், கே ‘ம’வையும், எல் ‘த’வையும் தரும். இடப்பக்கம் போ என்று நாம் கட்டளையிட, மென்பொருளின் காதில் ‘க’ என்று விழும். அதற்குப் பொருள் தெரியாமல் அது சும்மா நிற்கும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் எந்த ஆங்கில எழுத்துக்கு ஈடு என்று விம்முக்குச் சொல்லித்தர வழி உண்டு. ஆனால், அந்தப் பட்டியலைப் பயனரே எழுதித் தர வேண்டும்.

எழுத்தைப் பார்க்காமல், விசை இருக்கும் இடத்தை மட்டும் பார்க்கும்படி மென்பொருளை அமைத்தால் என்ன? நம்முடைய சிக்கல் தீர்ந்துவிடும். இடம், கீழ், மேல், வலம் போன்ற திசை விசைகளுக்கு இது ஏற்ற வழியும்கூட. ஆனால், பிரெஞ்சுக்காரர்களின் விசைப்பலகையைப் பாருங்கள். நம் பலகையில் டபிள்யூ இருக்கும் இடத்தில் அவர்களுக்கு இசட் இருக்கிறது. செய்த பிழையை மீட்பதற்காக அவர் கண்ட்ரோலையும் இசட் விசையையும் அழுத்துவார். இடத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் அதைக் கண்ட்ரோல், டபிள்யூ என்று எடுத்துக்கொண்டு, அவர் எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தையே மூடிவிடும்.