மரணங்களின் புவியியல்: பிரிட்டனியின் 240,000

முதலாம் உலகப்போரில் பிரான்ஸ் இழந்த படையினர் ஏறத்தாழ 14 இலட்சம். இவ்விழப்பு பிரதேசங்களிடையே சமமாக விழவில்லை என்பது இங்கு ஒரு பழைய மனத்தாங்கல். நாட்டின் மேற்கு முனையான பிரிட்டனியில் (பிரித்தானியாவுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்) அது கல்லிலேயே நிற்கிறது. சாந்த்-ஆன்-தோரே என்ற யாத்திரைத் தலத்தில் 1932இல் திறக்கப்பட்ட நினைவிடம், மாண்ட பிரெத்தோன்கள் 240,000 பேர் என்கிறது. தனக்கென ஒரு மொழி கொண்ட, பாரிசில் பட்டிக்காட்டார் என ஏளனம் செய்யப்பட்ட ஒரு மக்களைப் பீரங்கிக்கு இரையாக்கினார்கள் என்ற வாதம் இந்த எண்ணில்தான் ஊன்றி நின்றது.

ஒரு காலத்தில் புள்ளிவிபரவியல் படிப்பித்தவன் என்ற வகையில் எனக்கு இந்த எண்ணோடு பிணக்கு உண்டு. 1911இல் பிரான்சின் சனத்தொகையில் பிரிட்டனியின் பங்கு 8 வீதத்துக்குச் சற்று மேல். 240,000 சரியெனில் மாண்டவர்களில் 17 வீதத்தினர் அவர்கள், அதாவது இருமடங்கு. ஆனால் வரலாற்றாசிரியர்கள் இன்று ஏற்கும் தொகை 130,000 முதல் 150,000 வரைதான், 10 வீதமளவில். (எண்ணைக் குறைத்தால் இறந்தவர்களையே குறைத்துவிட்டதாகக் கோபிப்பவர்கள் எம்மிடையேயும் இருக்கிறார்கள்.) சரி, 8க்கும் 10க்கும் இடையிலான வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

பிறப்பு வீதம் கூடிய பிரதேசமாதலால் அங்கு போர் வயது இளைஞர்கள் அதிகம். இது ஒரு பகுதி விளக்கம். படைப்பிரிவுகள் பிரதேசவாரியாகத் திரட்டப்பட்டதையும் சொல்வார்கள். 1914 ஆகஸ்ட் 22 அன்று மட்டும் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சுப் படையினர் மாண்டனர். அத்தகைய நாட்களில் ஒரு வட்டாரத்தின் பிள்ளைகள் ஒன்றாகவே போயினர். ஆனால் பின்னர் இழப்புகளை நிரப்ப ஆட்களைக் கலந்து அனுப்பியதில் இத்தன்மை மங்கிவிட்டது.

முக்கிய காரணமாக நான் காண்பது தொழிற்சாலையை. குறுகிய போர் என நம்பி எல்லோரையும் முன்னரங்குக்கு அனுப்பிய அரசு, சில வாரங்களிலேயே எறிகணைத் தட்டுப்பாட்டில் திகைத்தது. கடைசல் வேலையாட்களும் உலோகத் தொழிலாளரும் திருப்பி அழைக்கப்பட்டனர். 1915 ஆகஸ்டில் தல்பியேஸ் சட்டம் இதை ஒழுங்குபடுத்திற்று. அவ்வாண்டின் இறுதியில் படைக்குரியோரில் 5 இலட்சம் பேரளவில் தொழிற்சாலைகளில் இருந்தனர். இளம் உழவனுக்கு அப்படியான அழைப்பு இல்லை. வயலைப் பெண்களும் முதியோரும் பார்த்துக்கொண்டார்கள். அவன் காலாட்படையில் கிடந்தான். மொத்தப் படையில் ஆறில் ஒருவர் மாண்டாரெனில் காலாட்படையில் ஐந்தில் ஒருவருக்கும் மேல்.

படித்தவனுக்கும் அழைப்பு வரவில்லை. பாரிசின் எக்கோல் நோர்மால் கல்லூரியில் போருக்குச் சற்று முன் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் மாண்டனர். அன்று உயிரைக் காத்தது பட்டமல்ல, கடைசல் இயந்திரம். நாள் முழுதும் அப்படியான ஒன்றின் முன் நிற்பவன் என்பதால் இந்த வரியை எழுதும்போது சிரிப்பு வருகிறது.

எனவேதான் இழப்பு கூடிய இடங்களில் பிரிட்டனியோடு மத்திய மலைப்பகுதியின் லொசேரும் லிமூசானும் வருகின்றன, பாரிஸ் பின்தங்குகிறது. லொசேரில் எவரும் பிரெத்தோன் மொழி பேசவில்லை. இரண்டுக்கும் பொதுவானது உழவு. பிரெத்தோன் என்பதற்காக அல்ல, உழவன் என்பதற்காகவே அவன் அங்கு நிறுத்தப்பட்டான்.

பிரிட்டனிக்குத் தொழிற்சாலைகள் ஏன் வரவில்லை, அதைத் தீர்மானித்தது யார் என்று ஒரு பிரெத்தோன் தேசியவாதி திருப்பிக் கேட்கலாம். 240,000ஐ விடக் கனமான வாதம் அது. அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை.

எண்ணுவதும் இலேசல்ல. 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட மரண அட்டைகளைப் பிரெஞ்சு அரசு 2003இலிருந்து எவரும் இணையத்தில் பார்க்க விட்டிருக்கிறது. அட்டையில் இருப்பது பிறந்த ஊர். ஆனால் பிழைப்புத் தேடிப் பாரிசுக்குப் போய் அங்கிருந்து படைக்குச் சென்றவனின் பெயர் பாரிஸ் புறநகர் நினைவுத்தூணிலும் இருக்கும், தாய் தகப்பன் வாழ்ந்த கிராமத்துத் தூணிலும் இருக்கும். தூண்களை எண்ணினால் அவன் இரு தடவை சாகிறான்.