வந்து தங்கும் வித்வான்கள்

பிற இடத்து வித்வான்களைச் சில காலம் அழைத்து, உறைவிடமும் உபகாரச் சம்பளமும் தந்து, இலக்கியம், சரித்திரம், தத்துவம் முதலிய துறைகளில் ஆராய்ச்சி செய்விப்பது சர்வகலாசாலைகளின் நல்வழக்கங்களில் ஒன்று. சிம்லாவில் வைஸ்ராய்கள் வாசம் செய்த மாளிகையில் 1965-ல் திறக்கப்பட்ட இந்திய உயராய்வு நிறுவனம் இப்பணிக்கென்றே ஏற்பட்டது. யந்திரத் தொழில் வளர வேண்டிய நாட்டில் ஏடு புரட்டுவோருக்கு ஏன் பொருள் செலவிட வேண்டும் என்று கேட்பாரும் உளர். அவர்களுக்குத் தாமிரபர்ணி தீரத்தின் சரித்திரமே விடை கூறும்.

1876-ல் ஜெர்மானியராகிய டாக்டர் ஜாகோர் ஆதிச்சநல்லூருக்கு வந்தார், தோண்டினார், கிடைத்த பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ அங்கே விரிவாக அகழ்ந்தார். அவர் கண்டெடுத்தவை சென்னைப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்தன. இவர்களால் உலகம் அவ்வூரை அறிந்தது மெய்யே. ஆனால் ஊராருக்கு நெடுங்காலம் எஞ்சியவை குழிகளே.

வேறு வகையாரும் வந்தனர். கால்டுவெல் பாதிரியார் 1841-ல் இடையன்குடிக்கு வந்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டு அங்கே வாழ்ந்தார். அவருடைய மதப்பணியைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். எனினும் 1856-ல் வெளிவந்த ஒப்பிலக்கணமும், 1881-ல் வெளிவந்த திருநெல்வேலிச் சரித்திரமும் தங்கி வாழ்ந்ததன் பயன் என்பதை யாரே மறுப்பர்? கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த சாமிநாதையர், பத்துப்பாட்டுச் சுவடிகளைத் தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். கவிராயர்களின் வீடுகள் அவருக்குத் திறந்தன. 1889-ல் நூல் அச்சேறியது. கல்லூரி வேலைக்கிடையே வாய்த்த ஓய்வில் இவ்வளவு ஆயிற்றென்றால், உபகாரச் சம்பளத்துடன் ஓராண்டு கிடைத்திருந்தால் என்ன ஆகியிராது!

அபிஷேகப்பட்டியில் 1990-ல் நிறுவப்பெற்ற நமது சர்வகலாசாலை, மனோன்மணியம் சுந்தரனார் பெயரைத் தாங்கியது. அவர் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். 1891-ல் நாடகம் இயற்றியவர். திருவிதாங்கூர் மன்னர்களின் காலத்தைக் கல்வெட்டுகளால் ஆராய்ந்தவர். இலக்கியமும் தத்துவமும் சரித்திரமும் ஒருவரிடத்தே கூடிய அப்பெயருக்கு ஏற்ற ஞாபகச் சின்னம், வருகை வித்வான்களுக்கான நிலையான ஆசனங்களே என்பது நமது துணிபு.

ஆயினும் மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதன. முதலாவது, தங்கும் காலம் ஓராண்டாவது இருத்தல் வேண்டும். கொடை விழாவில் இரவெல்லாம் நிகழும் வில்லுப்பாட்டை, இரண்டு நாள் மகாநாட்டுக்கு வந்து திரும்புவோர் எங்ஙனம் கேட்பர்? இரண்டாவது, வந்தவர் திரட்டும் ஒலிப்பதிவு, படம், குறிப்பு அனைத்தின் பிரதியும் இவ்விடத்து நூல்நிலையத்தில் சேர வேண்டும். அவர் கண்ட முடிவைத் தமிழில் ஜனங்களின் முன் சொல்ல வேண்டும். ஜாகோரின் கதை மீண்டும் நிகழலாகாது. மூன்றாவது, சில ஆசனங்களேனும் சர்வகலாசாலைப் பதவியில்லாத அறிஞர்க்கு உரியனவாதல் வேண்டும். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திய நா. வானமாமலை, நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டி, 1969-ல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். கட்டபொம்மன் கதைப்பாடலைப் பதிப்பித்தார். அத்தகையோர் இன்றும் நமது ஊர்களில் ஆதரவின்றி உழைக்கின்றனர். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு அயலாரை மட்டும் உபசரிப்பது தர்மமாகாது.

செலவு அதிகம் என்பது வீண் அச்சம். இவ்வித்வான்களுக்கு விலையுயர்ந்த யந்திரங்கள் வேண்டா. ஓர் அறை, நூல்நிலையத்தின் திறந்த கதவு, குடும்பம் நடத்தத் தக்க ஊதியம், இவையே போதும். திருநெல்வேலியில் கல்விக்குக் கொடுத்த தனவந்தர்கள் முன்னும் இருந்தனர், இன்னும் இருக்கின்றனர்.

காலதாமதமே உண்மையான நஷ்டம். பனையோலை அழியுமுன் புதிய ஓலையில் எழுதி வைப்பது நம் முன்னோர் வழக்கம். அச்சு வந்தபின் அவ்வழக்கம் நின்றது. ஆகவே அச்சேறாத ஒவ்வோர் ஏடும் ஒருவேளை கடைசிப் பிரதியாயிருக்கலாம். செல் அரிப்பதற்கு எந்தச் சபையின் அனுமதியும் வேண்டியதில்லை. சர்வகலாசாலையாரும் சர்க்காரும் இதனை உணர்ந்து, அடுத்த கல்வியாண்டிலேயே ஓர் ஆசனத்தையாவது அமைப்பார்களாக.