ஃபியூஸும் ரிலேயும்: பழைய வண்டியின் காவலர்கள்

கோலார் தங்கவயலுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே வந்து இங்குள்ள சுரங்கங்களை இயக்கிற்று. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும், மின்சாரத்தைக் காவலின்றி ஓடவிடலாகாது என்னும் பாடம் ஆண்டர்சன்பேட்டையில் நிற்கும் பழைய மோட்டார் வண்டிக்கும் பொருந்துவதே. அந்த வண்டியில் வேலூர்ப் பக்கமுள்ள உறவினர் வீட்டுக்குப் புறப்படுகிறோம். நள்ளிரவில், நடுவழியில் முன்விளக்கு அணைந்துவிட்டால் எங்கே பார்ப்பது?

முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். பழைய அம்பாசடரில் இது கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய கம்பியாக இருக்கும்; பிரீமியர் பத்மினியில் பீங்கான் துண்டின்மேல் உலோகப் பட்டையாக இருக்கும். பின்னர் வந்த வண்டிகளில் வண்ணத் தகடுகளாக அமைந்தது: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எஞ்சின் அறையிலோ, ஓட்டுநரின் முன்பலகைக்கு அடியிலோ இதன் பெட்டியைக் காணலாம்.

12 வோல்ட் வண்டியில் 60 வாட் விளக்கு ஒன்று 5 ஆம்பியர் கொள்ளும். இரண்டுக்கு 10 ஆம்பியர். எனவே அவ்விரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் இருந்தால் 15 ஆம்பியர் போதுமானது. அது எரிந்துபோன இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவோரும் உண்டு. அவ்வாறு செய்தால் அடுத்த முறை உருகுவது அந்தக் கம்பியன்று. வண்டிக்குள் ஓடும் ஒயர்க் கட்டே சூடேறித் தீப்பற்றும். சிறு காசை மிச்சப்படுத்தப் போய் வண்டியையும் உயிரையும் பணயம் வைக்கலாமா? புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால், எங்கோ ஒயர் தோலுரிந்து வண்டியின் உடலைத் தொடுகிறது என்று கொள்க. அதைத் தேடிச் சரிசெய்வதே முறை.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் அடுத்து ரிலேயைப் பார்ப்போம். இது கட்டைவிரலளவு பெட்டி. உள்ளே ஒரு கம்பிச்சுருள் உண்டு. விசையைத் தட்டியதும் ஓர் ஆம்பியரில் ஆறிலொரு பங்கு அளவே மின்சாரம் சுருளில் ஓடி, அதனைக் காந்தமாக்கும். அக்காந்தம் இழுக்கும் தகடு, ஹாரனுக்கோ விளக்குக்கோ வேண்டிய பெரிய மின்னோட்டத்தை இணைத்துவிடும். பெரும்பாலான ரிலேக்களில் 85, 86 எனக் குறித்த முனைகள் சுருளுக்குரியவை. 30, 87 பெரிய மின்னோட்டத்துக்குரியவை. விசையைத் தட்டும்போது "டக்" என்ற ஓசை கேட்டால் சுருள் வேலை செய்கிறது. ஆனால் உள்முனை கருகியிருக்கக்கூடும். அதே எண்ணும் முனையமைப்பும் உள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் பொருத்தினால் உண்மை விளங்கிவிடும்.

சென்சாரைக் கடைசியாகவே சந்தேகிக்க வேண்டும். பழைய வண்டியில் எண்ணெய் அழுத்தத்துக்கும் நீரின் வெப்பத்துக்கும் எஞ்சின்மீது ஒவ்வொன்று இருப்பதுண்டு. சாவியைத் திருப்பியதும் எண்ணெய் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாவிடில் எஞ்சினை உடனே நிறுத்துக. அது சென்சாரின் பிழையா, எண்ணெயின் குறையா என்பதைப் பின்னர் ஆராயலாம். எரிபொருளைத் தெளித்துச் செலுத்தும் பிற்கால எஞ்சின்களில், வெப்பச் சென்சார் பழுதுபட்டு எப்போதும் "குளிர்" என்றே அறிவித்தால், பெட்ரோல் வீணாகிக் கரும்புகை வரும்.

புதுச் சென்சார் வாங்குமுன் அதன் இணைப்பையும், வண்டியின் உடலோடு சேரும் எர்த் கம்பியையும் துருநீக்கிப் பார்ப்பது நலம். பழைய வண்டிகளின் பல நோய்களுக்குத் துருவே காரணம். கை வைக்குமுன் உடலோடு இணைந்த பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிடுக. ஃபியூஸ், ரிலே, சென்சார் என்னும் இவ்வரிசையை மனத்தில் கொண்டு, மாற்று ஃபியூஸ் சிலவற்றையும் வண்டியில் வைத்திருந்தால், இருட்டுச் சாலையிலும் நாம் கலங்க வேண்டியதில்லை.