பாதி வழியில் திரும்பலாமா?

காய்ச்சல் என்பது வன்னி மக்களுக்குப் புதிய விருந்தாளி அன்று. காடு வெட்டிக் கழனியாக்கிய நம் முன்னோர் மலேரியாவோடு போராடியே வாழ்ந்தனர். அந்த மலேரியா இலங்கையை விட்டு அகன்றுவிட்டதென 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எனினும் மாரி பிறந்தால் டெங்கு வருகிறது; வயலில் இறங்குவோரை எலிக்காய்ச்சல் பிடிக்கிறது. ஆகவே பிள்ளைக்கு உடம்பு சுட்டால் ஒரு பனடோல் குளிசை கொடுத்து, கொத்தமல்லி அவித்துப் பருக்கி, இரண்டொரு நாள் பொறுத்துப் பார்ப்பது நம் வீட்டு வழக்கமாயிற்று. பெரும்பாலான காய்ச்சல்கள் வந்தவாறே போயும் விடுகின்றன.

போகாத காய்ச்சலும் உண்டு. விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடு பிள்ளையின் முகம் வெளிறிப் போகும். ஓடி விளையாடிய பிள்ளை சோர்ந்து படுக்கும். கால் எலும்பு நோகிறதென்று இரவில் அழும். முட்டாத மோதாத இடத்தில் நீலத் தழும்பு காணும்; பல் விளக்கும்போது முரசிலிருந்து இரத்தம் கசியும். கழுத்திலோ, கமக்கட்டிலோ, அரையிலோ நெறி கட்டி, நோவில்லாமல் வாரக்கணக்கில் நிற்கும். இவை யாவும் இரத்தப் புற்றுநோயின் அல்லது நிணநீர்ப் புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். இவற்றுட் சில டெங்கிலும் உண்டு. கழுத்து நெறி காசநோயாலும் வீங்கும். ஆதலின் அறிகுறியைக் கண்டவுடன் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. ஆயின், வீட்டிலிருந்து ஊகிக்கவும் கூடாது. முழுக் குருதிப் பரிசோதனை ஒன்று முதல் வழியைக் காட்டும். நெறியிலிருந்து சிறு துண்டெடுத்து நுண்காட்டியில் பார்த்தால் அது காசமா, புற்றா என்பது தெளிவாகும்.

நாற்றுமேடையில் கோரை

நம் எலும்புகளின் உள்ளே மச்சை எனப்படும் மென்பொருள் இருக்கிறது. இரத்தத்திலுள்ள கலங்கள் பிறக்கும் நாற்றுமேடை அதுவே. காற்றைச் சுமக்கும் செங்கலங்கள், நோய்க்கிருமியோடு பொருதும் வெண்கலங்கள், இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுக்கள் ஆகிய மூன்றும் அங்கே முளைத்து, பருவம் வந்தபின் இரத்தத்தில் இறங்குகின்றன. பருவமடையாத வெண்கலம் ஒன்று கட்டுமீறிப் பெருகி அம்மேடை முழுவதையும் அடைத்துக்கொள்வதே இரத்தப் புற்றுநோய். கோரை மண்டிய மேடையில் நெல் நாற்றுக்கு இடமேது? செங்கலம் குறைந்தால் வெளிறலும் சோர்வும், சிறுதட்டுக் குறைந்தால் இரத்தக் கசிவும், நல்ல வெண்கலம் குறைந்தால் தீராக் காய்ச்சலும் தோன்றுகின்றன. மேற்சொன்ன அறிகுறிகளின் காரணம் இதுவே. இதே வகைக் கேடு கழுத்து, கமக்கட்டு முதலிய இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்களில் தொடங்குமாயின் அதனை நிணநீர்ப் புற்றுநோய் என்கிறோம். 1832ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் தோமஸ் ஹொட்ஜ்கின் முதலில் விவரித்த வகைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

இவை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவன அல்ல. பிள்ளை தின்ற பண்டத்தாலோ, பெற்றவர் செய்த பாவத்தாலோ வருவனவும் அல்ல.

பட்டிப்பூ தந்த மருந்து

ஒரு காலத்தில் சிறுவரின் இரத்தப் புற்றுநோய் கிழமைக்கணக்கில் உயிரைக் குடிக்கும் நோயாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சிட்னி பார்பர் என்னும் வைத்தியர் தாம் மருந்து கொடுத்த 16 பிள்ளைகளில் 10 பேர் தேறினர் என்று அறிவித்தார். உலகம் வியந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. கோரையின் தலையை அறுத்தால் வயல் தூய்மையாகத் தோன்றும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை அடுத்த மழையோடு அது மீண்டும் தலை நீட்டும். இதைக் கமக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

பின்வந்த வைத்தியர்கள் ஒரு மருந்தை நம்பாது பல மருந்துகளைச் சேர்த்தும், முறைவைத்தும், நெடுநாள் கொடுத்தும் பார்த்தனர். அம்மருந்துகளுள் ஒன்று நம் வீட்டு முற்றத்திலும் கோயில் வீதியிலும் பூத்து நிற்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து கிடைத்தது. நித்தியகல்யாணி என்றும் அதனைச் சொல்வர். அதன் இலையிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டீன் 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. இன்றும் பிள்ளைகளுக்கு அதுவே ஏற்றப்படுகிறது. இதைக் கேட்டுச் செடியைப் பிடுங்கி அவித்துக் குடிக்க எவரும் முற்பட வேண்டாம். பச்சிலையில் நஞ்சும் உண்டு. அளவறிந்து நாளத்தில் ஏற்றினால்தான் அது மருந்தாகும்.

இன்று சிறுவருக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோயின் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நடக்கிறது. முதல் மாதத்திலேயே பெரும்பாலான பிள்ளைகளின் இரத்தம் தெளிந்துவிடும். அதன்பின் சில மாதங்கள் கடுமையான மருந்துகள். அதன்பின் நாள்தோறும் குளிசையும் இடையிடையே ஊசியுமாக நெடுங்காலம் செல்லும். முள்ளந்தண்டு நீரிலும் மருந்து செலுத்துவர்; மூளையைச் சூழ்ந்த இடத்தில் நோய் ஒளிந்திராமற் காப்பதற்காக.

கதிர்ச் சிகிச்சை

நம்மவருட் சிலர் கதிர்ச் சிகிச்சையைக் ‘கரண்டு பிடித்தல்’ என்பர். அச்சொல்லே பாதி அச்சத்துக்குக் காரணம். உடலில் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. 1895ஆம் ஆண்டில் ரொன்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிரை நெஞ்சுப் படம் எடுக்கையில் நாம் எல்லோரும் அறிவோம். அதனினும் பன்மடங்கு வலிமை கொண்ட கதிரைக் குறிபார்த்துச் செலுத்துவதே இச்சிகிச்சை. 1951ஆம் ஆண்டில் கனடாவில் கோபால்ட் என்னும் உலோகத்தின் கதிரைக் கொண்டு நோயாளருக்குச் சிகிச்சை தொடங்கினர். அவ்வுலோகம் ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழியும்போது வலிமையிற் பாதியை இழந்துவிடும். இக்காலத்தில் மின்விசையாற் கதிரை உண்டாக்கும் நேர்கோட்டு முடுக்கிகள் பரவலாயின.

கதிர், கலத்தின் உள்ளே இருக்கும் மரபுப் பொருளை முறிக்கிறது. நல்ல கலம் அம்முறிவை ஓரளவு சீர்செய்துகொள்ளும்; புற்றுக் கலத்துக்கு அத்திறமை குறைவு. ஆதலால் முழு அளவையும் ஒரே நாளிற் கொடாமல், கிழமையில் ஐந்து நாள் சிறுசிறு பங்காகக் கொடுக்கிறார்கள். தொடக்க நிலையிலுள்ள ஹொட்ஜ்கின் நோயாளர் ஒருவருக்கு, மருந்து முடிந்தபின், இரண்டு அல்லது மூன்று கிழமைக் கதிர் போதுமானதாக இருக்கலாம். ஒருமுறை படுக்கையில் அசையாது கிடக்கும் நேரம் சில நிமிடங்களே, நோவு இல்லை. வெளியிலிருந்து கதிர் பெற்றவர் உடம்பில் அது தங்குவதில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

களைப்பு வரும், கதிர்பட்ட தோல் கறுத்து வரளும், கழுத்திற் பட்டால் விழுங்குவது கடினமாகும். தோலில் இட்ட அடையாளக் கோடுகளை அழிக்கலாகாது. வைத்தியரைக் கேளாமல் எண்ணெயோ பவுடரோ பூசலாகாது. பல ஆண்டு கழிந்து வேறு கேடுகளும் வரக்கூடும் என்பதால், சிறுவருக்கு இயன்றவரை கதிரைத் தவிர்ப்பதே இன்றைய போக்கு. முன்னர் இரத்தப் புற்றுநோயுள்ள பிள்ளைகள் பலருக்குத் தலையிற் கதிர் செலுத்தினர்; இன்று மிகச் சிலருக்கே அது தேவைப்படுகிறது.

நீண்ட வழி

வன்னிக் குடும்பத்துக்கு நோயோடு தூரமும் பகையாகிறது. 1990ஆம் ஆண்டுக்குப் பின் பல்லாண்டுகள் ஏ-9 வீதி மூடிக் கிடந்தது. 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் அடைபட்டது. போர் முடிந்தபின்பே வழி பிறந்தது. 2011ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தென்கோடியாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறை வரை 27 நாட்களாக ஒரு நடைப்பயணம் நடந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வன்னி மண்ணைத் தாண்டி, ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நடந்து பொருள் சேர்த்தனர். அப்பணத்தால் தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வடபகுதியார் கதிர்ச் சிகிச்சையையும் அங்கே பெறுகின்றனர். பிள்ளைகளாயின் பெரும்பாலும் மகரகமையிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்கே செல்ல வேண்டியிருக்கிறது. அரசினர் வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பஸ் செலவும், தங்குமிடமும், இழந்த நாட்கூலியுமே சுமை.

புதுக்குடியிருப்பில் ஒரு குடும்பம் என்று எண்ணிக்கொள்வோம். தாய் பிள்ளையோடு மகரகமையில்; தகப்பன் வயலில்; மற்றைய பிள்ளைகள் அம்மம்மாவோடு. ஆறு மாதம் கழிகிறது. பிள்ளையின் கன்னம் பூரித்து, தலைமயிரும் துளிர்க்கிறது. “பிள்ளை சுகமாய்த்தானே இருக்குது, இனி ஏன் மோனே அவ்வளவு தூரம் அலையிறாய்?” என்று அம்மம்மா கேட்கிறாள். அன்பினாற் கேட்கிறாள். சோளம் வெட்டும் காலமும் அதுவாகவே இருக்கும். அந்த வேளையிலேதான் பிள்ளையின் உயிர் தராசில் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத கிழங்கு இன்னும் மண்ணில் இருக்கிறது. செல்வ நாடுகளில் புற்றுநோய்ப் பிள்ளைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடத் தேறுவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயைக் காலந்தாழ்த்திக் காண்பதும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும் அதன் காரணங்களுள் அடங்கும்.

வீட்டார் செய்யத்தக்கவை

சிகிச்சைக் காலத்தில் உடற்சூடு 38 பாகை செல்சியசை எட்டினால், அது நள்ளிரவாயினும், உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். பனடோல் கொடுத்து விடியும்வரை காத்திருப்பது பேராபத்து. போராடும் வெண்கலங்கள் அருகிய நேரத்தில் கிருமி சில மணிநேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். கிளினிக் கொப்பியை எப்போதும் கையில் வைத்து, முதலிற் காணும் வைத்தியரிடம் அதைக் காட்டுக. மோட்டார் வண்டி உள்ள அயலவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது அறிவுடைமை.

நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுக்கவும். கைகழுவாமற் பிள்ளையைத் தொடவேண்டாம். நாட்டு மருந்து எதையும் வைத்தியர் அறியாமற் சேர்க்க வேண்டாம். உறவினரும் ஊரவரும் இரத்ததானம் செய்யலாம். இந்நோயாளருக்குச் செங்கலமும் சிறுதட்டும் அடிக்கடி தேவைப்படுகின்றன.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தலைமயிர் உதிர்ந்த தோழன் வகுப்புக்குத் திரும்பினால் விலகி உட்காராதீர்கள். அவனிடமிருந்து உங்களுக்கு எதுவும் தொற்றாது. உங்களிடமிருந்து அவனுக்குத் தொற்றலாம். உங்கள் வீட்டில் யாருக்கேனும் கொப்பளிப்பான் கண்டால் அதை ஆசிரியரிடம் உடனே சொல்லுங்கள். அவன் தவறவிட்ட பாடங்களை எழுதிக் கொடுங்கள்.

அடைபட்ட வீதிகளையும் அறுபட்ட ஊர்களையும் கண்ட மக்கள் நாம். இடையில் நின்றுவிடாமல் நடந்தமையாலேயே ஊர் மீண்டோம். நம் பிள்ளைகளின் சிகிச்சையும் அத்தகைய நடையே. இரத்தம் தெளிந்தது என்று வைத்தியர் சொல்லும் நாளில் மகிழ்வோம். ஆயினும் அன்று மூட்டையைக் கட்டாமல், அவர் போதும் என்று சொல்லும் நாள்வரை நடப்போம்.