வான்காவலும் அயலார் கூட்டும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபோது, தமிழாசிரியர் என்ற முறையிலே பழந்தமிழர் வாழ்வியல் பற்றி ஏதேனும் எழுதுவோம் என எதிர்பார்த்திருத்தல் கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின், சென்ற தவணையிலே குறிஞ்சித்திணையைக் கற்பித்த வேளை, தினைப்புனங் காக்கும் மகளிர் தழல், தட்டை, குளிர் என்னுங் கருவிகளாற் கிளி கடிந்த செய்தியை விளக்கிக் கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இங்க கலைச்ச கிளி பக்கத்துப் புனத்திலதானே போய் இறங்கும்? அவையள் என்ன செய்வினம்?" என்றான். வகுப்புச் சிரித்தது. எமக்கோ அவ்வினா நெஞ்சில் நின்றுவிட்டது. இன்று ஐரோப்பிய நாடுகள் பல ஒருங்கிருந்து விடைதேடும் வினாவும் அதுவே. ஆங்குக் கிளிக்குப் பதிலாக வருவது ஆளில்லா விமானம்.

இலக்கணம் படித்த ஒருவர் படைக்கல நூல் பேசப் புகுவது பொருந்துமோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். வன்னியிலே நாற்பதாண்டு வாழ்ந்தவர் எவரும் வானத்தைப் பற்றிச் சிறிதளவேனும் கற்றவரே. 1984ஆம் ஆண்டு டிசெம்பரில் கொக்கிளாய் மக்கள் ஊரைவிட்டு அகன்றபோது நாம் தாயின் இடுப்பிலிருந்த பிள்ளை. அதன்பின் எம் கல்வியிற் பெரும்பகுதி பதுங்குகுழிக்கு அருகிலேயே நிகழ்ந்தது. ஆளில்லா விமானத்துக்கு எம் மக்கள் இட்ட பெயர் 'வண்டு' என்பதாம். எந்த அகராதிக் குழுவுங் கூடி ஆக்காத இக்கலைச்சொல், பொருளின் உருவத்தைக் கொண்டன்றி ஒலியைக் கொண்டு அமைந்தமை நோக்கத்தக்கது. கண்ணுக்கு அது தோன்றுவது அரிது. செவிக்கே முதலில் எட்டிற்று.

வானத்திலிருந்து வருவதைச் செவியால் அறிதல் பழைய முறை. றேடர் தோன்றுமுன், இங்கிலாந்தின் தென்கரையிலே டெஞ்ச் என்னும் இடத்தில், 1928 முதல் 1930 வரையான காலத்தில், சீமெந்தினாற் பெரிய ஒலியாடிகளைக் கட்டினர். பகை விமானத்தின் இரைச்சலைக் குவித்துக் கேட்பதே அவற்றின் தொழில். 1935இல் வாட்சன் வாட் என்பவர் வானொலி அலையின் எதிரொலிப்பால் விமானத்தைக் கண்டறியலாம் எனக் காட்டியபின் அவ்வாடிகள் பயனற்றுப் போயின. ஆயினும் வியப்பு யாதெனின், உக்ரேன் நாட்டினர் 2022க்குப் பின் மீண்டும் அப்பழைய முறைக்கே திரும்பினர். கம்பங்களின் மேல் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, ஏறத்தாழ 10,000 இடங்களிலிருந்து வருங் கேள்வியை ஒன்றுசேர்த்து, ஆளில்லா விமானம் செல்லும் வழியைக் கணிக்கின்றனர். எம் ஊர்க் கிழவிகள் காது கொடுத்து, "வண்டு வருது, உள்ளுக்கு வாங்கோ" என்றதும் இதுவேயன்றோ!

இனி, றேடர் இருக்கச் செவி எதற்கு என்பதை விளக்குவோம். றேடரின் அலை நேர்கோட்டிற் செல்வது. பூமியோ உருண்டை. பத்து மீற்றர் உயரத்தில் வைத்த றேடர், 3000 மீற்றர் உயரத்திற் பறக்கும் விமானத்தை ஏறத்தாழ 240 கிலோமீற்றர் தொலைவிலேயே காணும். அதே விமானம் 100 மீற்றர் உயரத்துக்குத் தாழ்ந்தால் 54 கிலோமீற்றருக்குள் வந்த பின்னரே தோன்றும். 50 மீற்றராயின் 42 கிலோமீற்றர். இடையே மலையோ காடோ இருப்பின் இதனினுங் குறையும். மணிக்கு 200 கிலோமீற்றர் செல்லும் ஒன்றுக்கு 54 கிலோமீற்றர் என்பது கால்மணி நேரத்துச் செலவு. அந்தக் கால்மணிக்குள் கண்டு, இன்னதெனத் தெளிந்து, ஆணை பெற்று, அடித்து வீழ்த்துதல் வேண்டும்.

தெளிதலே மிகக் கடினம். எம் கொக்கிளாய்க் களப்பு 1951இற் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. அங்கே மாலைவேளையில் நாரையுங் கொக்கும் கூட்டமாக எழுவதைக் கண்டார்க்கு யாம் சொல்வது எளிதில் விளங்கும். றேடரின் கண்ணுக்குச் சிறிய ஆளில்லா விமானமும் ஒரு பெரிய நாரையும் அளவில் ஒத்தவை, விரைவிலும் பெரிதும் வேறுபடாதவை. பழைய றேடர்களோ, பறவை, முகில், வீதியில் ஓடும் ஊர்தி ஆகியவை திரையை நிறைத்துக் குழப்பாதவாறு, மெதுவாய்ச் செல்வனவற்றைத் தாமே விலக்கிவிடும்படி அமைக்கப்பட்டவை. மெதுவாய் வரும் பகையும் அவற்றோடு சேர்ந்து விலகிப்போகும். இன்றைய நுண்கருவிகள் சிறகடிப்பையும் விசிறிச் சுழற்சியையும் எதிரலையின் நடுக்கத்தைக் கொண்டு பிரித்தறிய முயல்கின்றன.

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகள் அல்ல. இலங்கையிலேயே இவை மெய்ப்பட்ட காலம் உண்டு. 2007 மார்ச் 26 அன்று இரவு விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க வான்படைத் தளத்தைத் தாக்கின. வான்படையினர் மூவர் மாண்டனர். அவ்விமானங்கள் செக் நாட்டிற் செய்யப்பட்ட ஸ்லின்-143 என்னும் நால்வர் அமரும் வகையின. விமானமோட்டப் பயிற்றுவதற்கும் உல்லாசப் பயணத்துக்கும் உரியவை. அவற்றில் ஆள் இருந்தமை ஒன்றே வேறுபாடு. தாழப் பறத்தல், மெதுவாய்ச் செல்லல், சிறிதாய்த் தோன்றல் என்னும் மூன்றிலும் இன்றைய ஆளில்லா விமானத்துக்கு அவை முன்னோடிகள். தொடர்ந்து ஏப்பிரலில் பலாலியும், பின்னர்க் கொழும்பை அடுத்த எண்ணெய் நிலையங்களும் தாக்கப்பட்டன. உலகக் கிண்ணத் துடுப்பாட்ட இறுதிப் போட்டி நடந்த அவ்விரவிலே தலைநகரில் விளக்கணைந்ததைப் பலர் இன்றும் நினைவுகூர்வர். சில காலம் கட்டுநாயக்க விமான நிலையம் இராக்காலத்தில் மூடப்பட்டும் இருந்தது. 2008 ஏப்பிரல் 27இல், எம் ஊருக்கு உட்பக்கமாக, தமிழர் மணலாறு எனவும் சிங்களர் வெலிஓயா எனவும் வழங்கும் பகுதியிற் குண்டு வீழ்ந்தது.

நாம் அழுத்திக் கூற விரும்புவது அயலார் கூட்டைப் பற்றியே. அந்நாளில் இலங்கை வான்படையிடமிருந்தவை இந்தியா வழங்கிய 'இந்திரா' றேடர்கள். அவை இருபரிமாணத்தன. தூரத்தையுந் திசையையுங் காட்டுமன்றி உயரத்தைக் காட்டா. தாழப் பறக்கும் பகைக்கு உயரமே உயிர்நாடி. ஆகவே இலங்கை, சீனாவின் முப்பரிமாண றேடரை வாங்க முயன்றது. இந்தியா அதனை விரும்பவில்லை. 2007 மே மாத இறுதியில் இந்தியத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம். கே. நாராயணன், இலங்கை தன் தேவைக்குச் சீனாவையோ பாகிஸ்தானையோ நாடாமல் இந்தியாவையே நாட வேண்டும் எனச் சென்னையில் வெளிப்படையாகக் கூறினார். அதே மூச்சில், தாக்குதற்குரிய படைக்கலங்களை இந்தியா வழங்காது என்றுங் கூறினார். கடன் கொடுப்பவன் அடுத்த கடையிற் பொருள் வாங்காதே என்பதைப் போன்றது இது. எனினும் இந்தியாவின் அச்சத்தையும் நாம் மறுத்தல் இயலாது. இலங்கையில் நிறுத்திய வலிய றேடர் தென்னிந்திய வானத்தையும் நோக்கும். 2008 செப்தெம்பர் 9இல் வவுனியாப் படைத்தலைமையகம் தாக்கப்பட்டபோது, அங்கிருந்த இந்தியத் தொழினுட்பவியலாளர் இருவர் காயமுற்றனர். பாரத் எலெக்ரோனிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அவர்கள் றேடரைப் பேண வந்தவர்கள். கூட்டு எவ்வளவு ஆழமாயிருந்தது என்பது அதன்பின்னரே பொதுமக்களுக்குத் தெரிந்தது.

2009 பெப்ருவரி 20 இரவு வந்த இரண்டு விமானங்களும் மீளவில்லை. ஒன்று கட்டுநாயக்கவுக்கு அண்மையில் வீழ்த்தப்பட்டது. மற்றது கொழும்பிலே உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதிற்று. ஆங்கும் உயிர்கள் போயின. வீழ்த்தப்படுவதும் எங்கேனும் ஒருவர் தலைமேல் வீழ்ந்தே தீரும் என்பது வான்காவல் பற்றிய எக்கணக்கிலும் எழுதப்படாத வரி. அதே மாதங்களில் வன்னியிலே வானத்தை நோக்கி அஞ்சியிருந்த எம்மவர்க்கு வான்காவல் என ஒன்று இருக்கவில்லை. இதனை நாம் எவரையும் பழிக்கக் கூறினோம் அல்லோம். றேடரின் திரையில் வருவது மட்டுமே புலப்படும், கீழிருப்போர் புலப்படார் என்பதைக் கண்டவர் சொல்லாது விடின் வேறு யார் சொல்வார்?

நிற்க. ஐரோப்பாவுக்கு வருவோம். 2025 செப்தெம்பர் 9ஆம் நாள் இரவும் மறுநாட் காலையும் ஏறத்தாழ இருபது ரஷ்ய ஆளில்லா விமானங்கள் போலந்தின் வான்பரப்பினுட் புகுந்தன. அவற்றுட் சில ஒட்டுப்பலகையாலும் றெஜிபோமினாலும் ஆன வெறும் ஏய்ப்புப் பொருள்கள். அவற்றை எதிர்க்கப் போலந்தின் எவ்-16 விமானங்களோடு நெதர்லாந்தின் எவ்-35 விமானங்கள் எழுந்தன. இத்தாலியின் கண்காணிப்பு விமானம் வழிகாட்டிற்று. நிலத்திலே ஜேர்மனியின் பேற்றியற் றேடர்கள் துணைநின்றன. நான்கு நாட்டுக் கருவிகள் ஓரிரவில் ஒன்றாய் இயங்கியமை மெச்சத்தக்கது. ஆனாற் செலவு? சில ஆயிரம் டொலர்ப் பலகையை வீழ்த்தப் பல இலட்சம் டொலர் ஏவுகணை! குருவியைக் கலைக்கப் பொற்காசை எறிந்த கதை.

அதே மாதம் 22ஆம் நாள், கொப்பனேகன் விமான நிலையம் இனந்தெரியாத ஆளில்லா விமானங்களால் ஏறத்தாழ நான்கு மணிநேரம் மூடப்பட்டது. கட்டுநாயக்கவை நாம் நினைத்துக் கொண்டோம். அடுத்த கிழமை அந்நகரில் ஐரோப்பியத் தலைவர்களின் மாநாடு கூடவிருந்தமையால், சுவீடன் தன் எதிர்ப்புக் கருவிகளை இரவலாக அனுப்பிற்று. ஜேர்மனியின் போர்க்கப்பலொன்று துறைமுகத்திற்கு வந்தது. போரிலே தேர்ந்த உக்ரேனியரும் தம் அனுபவத்தைச் சொல்லிக்கொடுக்கச் சென்றனர். உதவி பெறுவதாகவே நாம் கேட்டிருந்த உக்ரேன், பிறர்க்குப் பாடஞ் சொல்லும் ஆசானானது.

இம்முயற்சி திடீரெனத் தோன்றியதன்று. 2022 ஒக்டோபரில் ஜேர்மனி முன்னின்று வேறு பதினான்கு நாடுகளோடு ஐரோப்பிய வான்கேடயம் என்னுந் திட்டத்தைத் தொடங்கிற்று. தேவையான கருவிகளை ஒன்றாய் வாங்கினால் விலை குறையும், ஒருவர் கருவி மற்றவர் கருவியோடு பேசும் என்பது கருத்து. நடுநிலை நாடுகளான சுவிற்சர்லாந்தும் ஒஸ்ரியாவும் 2023இல் இணைய முன்வந்தன. பிரான்சு சேரவில்லை. அமெரிக்கப் படைக்கலமும் இஸ்ரேலியப் படைக்கலமும் வாங்குவது ஐரோப்பியத் தொழிலை நலிவிக்கும் என்றது. 2024 மே மாதத்தில் பின்லாந்து, எஸ்தோனியா, லற்வியா, லித்துவேனியா, போலந்து, நோர்வே ஆகிய ஆறும் தம் எல்லை நெடுகலும் 'ஆளில்லா விமானச் சுவர்' அமைப்பதாகக் கூறின. பெயர் தவறானது. சுவர் என ஒன்றும் எழவில்லை. றேடர், ஒலிவாங்கி, ஒளிப்படக்கருவி, அலைகுழப்பி, துப்பாக்கி, இடைமறிக்குஞ் சிறு ஆளில்லா விமானம் ஆகியவை கோத்த வலையே அது. பின்னர் ஐரோப்பிய ஆணைக்குழு 2025 ஒக்டோபர் 16இல் வெளியிட்ட திட்டத்திலே, எல்லா உறுப்பு நாடுகளையும் உளப்படுத்தி, 2026 இறுதியில் தொடக்க நிலையும் 2027 இறுதியில் முழுநிலையும் எய்த வேண்டுமெனக் காலம் வகுத்தது. கிழக்கெல்லை நாடுகள் விரைவை வேண்டின. தொலைவிலிருப்போர் செலவை எண்ணினர்.

கருவியினும் அரியது ஒன்றுண்டு. றேடர் காண்பதை அயலவனோடு பகிர்வதென்றால், எம் றேடர் எங்கே காணாது என்பதையும் அவனுக்குக் காட்டுதலாம். தன் வேலியின் ஓட்டையை அயலவனுக்குக் காட்ட மனம் வேண்டும். இந்தியாவும் இலங்கையும் தடுமாறியதும், பிரான்சும் ஜேர்மனியும் முரண்பட்டதும் இவ்விடத்திலேதான். பின்வரிசை மாணவனுக்கு நாம் கூறிய விடையும் இதுவே. அடுத்த புனத்தவள் குரல் கொடுத்தால் இவளுந் தட்டையை எடுப்பாள், ஆனால் கிளி வருமுன்னர்க் குரல் கொடுக்க வேண்டும் என்றோம். அவன் முழுதும் ஒப்பவில்லை.

கல்லூரியின் விழா நாளிலே மைதானத்தை மேலிருந்து படமெடுக்க ஆளில்லா விமானம் ஒன்றை வாடகைக்கு அமர்த்துவதாகக் குழுவினர் கூறுகின்றனர். கூட்டத்தின் மேற் பறக்கவிடுதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும் என்பதை அவர்கள் அறிவர். வேறொன்றையும் வேண்டிக் கொள்கின்றோம். அதனை ஏற்றுமுன் ஒலிபெருக்கியில் ஒருமுறை அறிவித்துவிடுங்கள். முன்வரிசையில் வன்னியின் முதிய தாய்மார் பலர் இருப்பர்.